நாற்பதாம் நாள் விதைக் கேக்

மார்ச் 10
நாளை மறுநாள் மாமனார் இறந்த நாற்பதாம் நாள் விருந்து. நோன்புக் காலம், முட்டை, வெண்ணெய் கூடாது. வழக்கமாக வால்நட் கேக்தான். நாத்தனார் ரொடிகாவின் மகள் இலிங்காவுக்கு வால்நட் பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தை, மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவா? சூரியகாந்தி விதையில் செய்யப்போகிறேன்.

மார்ச் 11
விதையைத் தோலுரித்து, லேசாக வறுத்து, மாவாக அரைத்தேன். தேன், எண்ணெய், சமையல் சோடா. நல்ல பொன்னிறம். துணியால் மூடிவைத்தேன்.

மார்ச் 12
பாதிரியார் ஜெபித்து முடித்ததும் கேக்கை வெட்டினேன். உள்ளே பச்சை. குளத்துப் பாசி மாதிரி. மகள் கையிலிருந்த துண்டை ரொடிகா தட்டிவிட்டாள்.

"என்னத்த கலந்தீங்க அண்ணி? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் குடுத்தீங்களா?"

மாமனார் கடைசியாகக் குடித்தது நான் வைத்த சூப். இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். இத்தனை நாளா அவ மனசுல இதுதான் இருந்துச்சா? என் கணவர் திமோஃபெய் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

மாமியார் ஒரு துண்டை எடுத்து மென்றார். "பல்லுல ஒட்டுது. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

வேறு யாரும் தொடவில்லை.

மார்ச் 15
சோடா போட்டு ஒன்று, போடாமல் ஒன்று சுட்டேன். ஆறிய பிறகு சோடா போட்டது மட்டும் பச்சையானது. விதையும் சோடாவும் சேர்ந்தால் அப்படித்தான் போலிருக்கிறது. திமோஃபெயிடம் காட்டினேன்.

"விடு, அவ துக்கத்துல பேசிட்டா."

"நீங்க எந்தத் துக்கத்துல பேசாம இருந்தீங்க?"



மார்ச் 16
திமோஃபெய் இரண்டு கேக்கையும் துணியில் கட்டிக்கொண்டு தன் தங்கை ரொடிகா வீட்டுக்குப் போனார். நான் போகச் சொல்லவில்லை.  திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

ஏப்ரல் 2
சந்தையில் ரொடிகா. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மே 30
ரொடிகா மகளோடு வந்தாள். இத்தாலியில் ஒரு முதியவரைக் கவனிக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம், ஆறு மாதம். இலிங்காவை அழைத்துப்போக முடியாது, அதுவரை எங்களோடுதான் இருக்கப்போகிறாள். வாசலிலேயே நின்றாள். மகளின் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு அடைத்தால் தொடையில் குத்த வேண்டிய ஊசியை என் கையில் கொடுத்தாள்.

"எப்படிப் போடணும்னு சொல்றேன் அண்ணி. கவனமாப் பாத்துக்கங்க."

மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை.

சுருட்டிய துவாலையைத் தொடையாகவும் எழுதும் பேனாவை ஊசியாகவும் வைத்து, மூன்று முறை குத்திக் காட்டச் சொன்னாள். மூன்று முறையும் செய்து காட்டினேன்.