தங்கை கண்ணில் படாமல்

அபி அப்பாவுக்கு,

போனைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றீர்கள். அதனால் எழுதுகிறேன், கண் தெளிந்ததும் படியுங்கள்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுக வெயில்தான் தலைவலிக்குக் காரணம் என்று மீன் ஐஸைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டீர்கள். நானும் நம்பினேன். ஆஸ்பத்திரியில் உங்கள் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளை உறையில் பூஞ்சை என்கிறார். எச்ஐவி மாத்திரையை விட்டவர்களுக்கு வருமாம். மருந்துக்குக் கேட்கிறதாம். பழைய மாத்திரையை அவர் சொல்லும்போது தொடங்கினால் போதுமாம்.

கூடவே இருக்கும் உங்கள் தங்கை பார்த்துவிடுவாள் என்றுதானே விட்டீர்கள்? எனக்குக் கோபம் இல்லாமலில்லை. நேற்று அவள் எதிரிலேயே என் மாத்திரை டப்பாவைத் திறந்தேன்.

"என்னா அண்ணி இது?"

நம் இருவருக்கும் என்ன என்று சொன்னேன். உள்ளே போனாள்.

தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "மொதல்ல மாத்திரய போடு. அண்ணன் வரட்டும், அதுக்கும் நானே எடுத்துக் குடுக்கறேன்."

உங்கள் வீட்டுக்காரி