ஏழு புள்ளிகளை நம்பிய அறிக்கை

அனுப்புநர்:
கருவிச் சுத்திகரிப்புப் பணியாளர் (பணிநீக்கம் செய்யப்பட்டவர்),
சலவைக் கடைக்கு மேல் மாடி,
பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பல் மருத்துவமனைகள் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: என் அக்காவின் தாடை எலும்பு கெட்டதற்கு என் சுத்திகரிப்புக் குறையே காரணம் எனத் தங்கள் அலுவலகம் அளித்த அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. நான் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அறுவைக் கருவிகளைக் கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து எடுப்பது என் பொறுப்பு. பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறை. அந்த அறைக்குத் தங்கள் விசாரணை அதிகாரி வரவே இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. புகார் கொடுத்தவர் என் உடன்பிறந்த அக்கா. தையல் வேலை செய்கிறார். அவருக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் இரண்டு போனபோது இந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவள் நான்தான். “வேற எங்கயும் போகாதக்கா, உனக்கு வேண்டியதை என் கையாலயே பேக் பண்றேன்” என்று பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

3. பல் போன இடத்தில் எலும்பு மெலிந்திருந்தது. ஆகவே முதலில் எலும்புத் தூளை நிரப்பி, மேலே ஒரு சவ்வை மூடித் தைத்தார்கள். ஐந்து மாதம் காத்திருந்தோம். எலும்பு நன்றாகவே வளர்ந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அக்கா, “இந்த வயசுல எனக்கு எலும்பு முளைக்குதுடி, ஊரைக் கூட்டிச் சொல்லு” என்று சிரித்தார். பிறகு அந்த எலும்பில் டிரில் போட்டு, செயற்கைப் பல்லைத் தாங்கும் இம்ப்ளாண்ட் திருகினார்கள். ஆறாவது வாரம் அது ஆடத் தொடங்கியது. எடுத்தபோது சுற்றியிருந்த எலும்பும் பழுப்பேறிச் செத்து, கூடவே வந்துவிட்டது. புதிதாக வளர்ந்ததும் போயிற்று, முன்பு இருந்ததும் போயிற்று. இனி அந்தப் பக்கம் எதையும் பதிக்க முடியாது என்று வேறொரு மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா இன்று சோற்றைக் கரைத்துத்தான் விழுங்குகிறார்.

4. தங்கள் அதிகாரி ஒரு முற்பகல் வந்தார். வரவேற்பறை சோபாவில் அமர்ந்து, தலைமை மருத்துவர் நீட்டிய தாள்களைப் பார்த்தார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “நீங்கதான் கழுவுறதா?” ஆமாம் என்றேன். அவ்வளவுதான் விசாரணை. அறிக்கை இப்படிச் சொல்கிறது: “அறுவை நாள் வரை டிரில் ஏழு முறை மட்டுமே பயன்படுத்தப்பட்டிருப்பதால் கருவியில் குறை இல்லை. பணியாளரின் சுத்திகரிப்புக் கவனக்குறைவால் கிருமித் தொற்று ஏற்பட்டுள்ளது.” மறுநாளே என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பழியைத் தூக்கி என் தலையில் கட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

5. என் ஆட்டோகிளேவில் குறை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் மாறும் பட்டையை அந்தந்தத் தேதியில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை கிருமி அடைத்த பரிசோதனைக் குப்பியைக் கருவிகளோடு வேகவைத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய சீட்டுகளும் உண்டு. ஒன்றில்கூடக் கிருமி உயிரோடு இருந்ததில்லை. அந்தப் பதிவேடு பின்கட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதிகாரி இருபது அடி நடந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

6. அறிக்கையில் உள்ள அந்த “ஏழு முறை” பற்றி நான் சொல்லியாக வேண்டும். டிரில் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு புள்ளி அட்டை உண்டு. அட்டையில் முப்பது கட்டங்கள். ஓர் அறுவைக்கு ஒரு புள்ளி. முப்பது நிறைந்தால் டிரில்லைக் கூர்முனைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியதைப் பிரிக்க வேண்டும். மழுங்கிய டிரில் எலும்பை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடேறும். எவ்வளவு சலைன் தண்ணீர் ஊற்றினாலும் அந்தச் சூட்டில் எலும்பு வெந்துவிடும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே தலைமை மருத்துவர்தான்.

7. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் அட்டை நிறைந்தது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “டிரில் வர ஆறு வாரம் ஆகும்மா. இப்போதைக்குப் புது அட்டை போட்டு வை” என்றார். போட்டேன். டிரில் பழையது, அட்டை மட்டும் புதியது. வர வேண்டிய டிரில் வரவே இல்லை. இரண்டாவது நிறைந்தபோதும் கேட்டேன். மூன்றாவது நிறைந்தபோது கேட்கவில்லை. நானே புது அட்டையை எடுத்துத் தேதி போட்டுவிட்டேன், பழகிப்போயிற்று. அக்காவின் அறுவை நான்காவது அட்டையின் ஏழாவது புள்ளி. அதாவது அந்த டிரில்லுக்குத் தொண்ணூற்றேழாவது தாடை. தங்கள் அதிகாரி நம்பிய ஏழு புள்ளிகளும் என் கையால் வைத்தவை. நான் எழுதிய பொய்யை ஆதாரமாக வைத்துத்தான் என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள்.

8. என் பேச்சை நம்ப வேண்டாம். புது டிரில் பிரித்தால் உறையில் உள்ள ஸ்டிக்கரைப் பொருள் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். மூன்றாண்டுகளுக்கு மேலாக அந்த அளவு டிரில்லுக்கு ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் இருக்கிறது. டிரில்லை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாலே அதன் விளிம்பு சொல்லிவிடும்.

9. அறுவை நாளன்று உதவியாளர் வரவில்லை. அக்கா என்பதால் உறிஞ்சு குழாயை நானே பிடித்தேன். டிரில் இறங்க நேரமானது. முடி கருகுவதுபோல ஒரு வாடை வந்தது. நான் தலைமை மருத்துவரைப் பார்த்தேன். “எலும்பு கெட்டியா இருக்கு, அவ்வளவுதான்” என்றார். எனக்குக் காரணம் தெரியும். “நிறுத்துங்கள்” என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லாமல் நின்றேன். வேலை போய்விடுமே என்று பயந்தேன். அந்த வேலையும் இப்போது இல்லை. மரத்துப்போன வாயோடு படுத்திருந்த அக்கா அந்த நேரத்திலும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

10. ஆகவே நான் வேண்டுவது: அந்த மருத்துவமனையில் வியாழன்தோறும் அறுவை நடக்கிறது. நாளை மறுநாளும் நடக்கும். அதற்குள் அந்த டிரில்லையும் புள்ளி அட்டைகளையும் பொருள் பதிவேட்டையும் கைப்பற்ற உத்தரவிட வேண்டும். விசாரணையைக் கண்துடைப்பாக இல்லாமல் மறுபடி நடத்த வேண்டும். வேலையைத் திரும்ப வாங்கித் தரும்படி நான் கேட்கவில்லை.

11. திருத்திய அறிக்கையின் நகல் ஒன்றை அக்காவின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய அறிக்கை கிடைத்த நாள் முதல் அவர் என்னிடம் பேசுவதில்லை. கதவைத் தட்டினால் உள்ளே தையல் மெஷின் சத்தம் நிற்கிறது. நான் படியிறங்கிய பிறகுதான் மறுபடி ஓடத் தொடங்குகிறது. நான் அழுக்குக் கருவியை அவர் வாயில் வைத்தேன் என்று நம்புகிறார். நான் எடுத்துச் சொன்னால் கேட்க மாட்டார், அலுவலக முத்திரை இருந்தால் படிப்பார். அதில் நான் அட்டை மாற்றியதையும், கருகிய வாடை வந்தும் வாயைத் திறக்காமல் நின்றதையும் ஒரு வரி விடாமல் எழுதுங்கள். அதைப் படித்த பிறகும் அவர் கதவைத் திறக்காவிட்டால் நான் மறுபடி போய்த் தட்ட மாட்டேன்.

வியாழனுக்கு முன் தாங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பிக் கையொப்பமிடுகிறேன்.

நாள்: அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை
இடம்: மேற்கண்ட முகவரி

(கையொப்பம்)
முன்னாள் கருவிச் சுத்திகரிப்புப் பணியாளர்,
புகார்தாரரின் தங்கை