நீல டிரம்மில் நத்தைகள்

நவம்பர் 4, திங்கள்

சூரியபிரகாஷ் பள்ளிக்கே வந்துவிட்டான். பதினொன்றாம் வகுப்பு ஜன்னல் வழியே கையசைத்தான். எம்.எஸ்ஸி.யில் அவனைவிட எனக்குப் பதினான்கு மதிப்பெண் அதிகம். ஆய்வுக்கு இருந்த ஒரே இடம் அவனுக்குப் போனது. இன்று அவன் மதுரையில் பேராசிரியர். நான் சோழவந்தான் பக்கத்தில் தவளையின் இதயம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கொடிக்கால்களில் வெற்றிலைக்கு அடிக்கும் மயில்துத்தம் மழையில் கரைந்து கண்மாய்க்கு வருகிறது. அதிலுள்ள செம்பு நத்தைக்குள் எவ்வளவு சேர்கிறது, நத்தையைத் தின்னும் நாரைக்கு என்ன ஆகும் என்று பார்க்கப் போகிறானாம். விடுதி மொட்டைமாடியில் நான் அவனிடம் சொன்ன யோசனை இது. அவனுக்கு நினைவில்லையாம்.

“மாப்ள, நத்தை பிடிச்சுத் தர ஆள் வேணும்டா. இங்க ஒன்னய விட்டா எனக்கு யாரு இருக்கா?”

சீனியம்மாளைக் காட்டினேன். வாத்து வளர்ப்பவள், கண்மாயில் நத்தை பொறுக்கிக் கறிக்கும் விற்பாள்.

நவம்பர் 9

வாரம் அறுபது நத்தை. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் போட்டு, சேறு கக்கவைத்துத் தரச் சொல்லியிருக்கிறான். சரியான முறைதான். தப்புச் செய்ய மாட்டான். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 23, சனி

சீனியம்மாள் வீட்டில் நத்தைகள் ஒரு நீல டிரம்மில் கிடந்தன.

“பானைல இம்புட்டும் கொள்ளாது சார். கறிக்குப் பானை, காலேஜுக்கு டிரம்மு. கொடிக்கால்ல மருந்து கலக்குனது, சும்மா குடுத்தாக. ரெண்டு வாட்டி அலசிட்டேன்.”

மருந்து என்றால் மயில்துத்தம். டிரம்மும் நீலம், கறையும் நீலம். அதில் ஊறிய நத்தையை அளந்துதான் கண்மாயின் செம்பு என்று எழுதப் போகிறான்.

செத்து மிதந்தவற்றை அள்ளி வாத்துகளுக்கு வீசினாள். டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவன் ஒருநாளாவது வந்து பார்த்தானா?

நவம்பர் 24

இன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

பேப்பரில் அவன் படம். கையில் நத்தை. ‘நாரைகளுக்கு ஆபத்து’ என்று தலைப்பு.

“ஒங்க பிரெண்டு எம்புட்டு இளமையா இருக்காரு,” என்றாள் என் மனைவி தமிழ்ச்செல்வி. தோசை இறங்கவில்லை.

ஜனவரியில் அவன் பேசும் கருத்தரங்கு. கேள்வி நேரத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்பேன்: “நத்தைகளை எதில் ஊறவைத்தீர்கள், ஐயா?” கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். ‘ஐயா’வை இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 21

சீனியம்மாளின் பதினெட்டு வாத்துகளில் ஏழு செத்துவிட்டன. மற்றவை கழுத்தைத் தரையில் போட்டுக் கிடக்கின்றன. எச்சம் நீலப்பச்சை.

“எவ கண்ணு பட்டுச்சோ சார்.”

நாரைகளுக்காக அவன் கவலைப்பட்டான். எனக்கு எதிரிலேயே நத்தை தின்றுகொண்டிருந்த வாத்துகளை நான் நினைக்கவே இல்லை. நெனைக்கலையா? நெனைக்க விரும்பல. நாலு வாரம்— வாயத் தொறந்திருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்? நீயெல்லாம் விலங்கியல் வாத்தியார்.

அவளிடம் டிரம்மைப் பற்றிச் சொன்னேன்.

“அன்னைக்கே பாத்தீகள்ல சார்.”

டிசம்பர் 22

அவனுக்குப் போன் செய்தேன். டிரம்மையும் வாத்துகளையும் பற்றிச் சொன்னேன்.

“ஒனக்கு எப்ப மாப்ள தெரியும்?”

“நேத்து.”

“காப்பாத்திட்டடா. மேடையேறி அசிங்கப்பட்டிருப்பேன்.” அவன் திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 28

புதுப் பானை மூன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். டீ கொடுக்கவில்லை.

ஜனவரி 18, சனி

கருத்தரங்கு. பானை நத்தைகளில் செம்பு முன்பு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் நாரைக்கு நல்லதல்ல என்றான். பழைய கணக்குத் தவறு என்று அவனே மேடையில் ஒப்புக்கொண்டான். வாத்துகள் செத்ததையும் மறைக்கவில்லை. பிறகு என்னை எழுந்து நிற்கச் சொன்னான். “பார்த்த மறுநாளே போன் பண்ணிச் சொன்ன மனுஷன் இவர்.”

அரங்கம் முழுக்கக் கைதட்டல். இத்தனை வருஷமாக நான் கேட்க ஏங்கிய சத்தம்.

மூன்றாம் வரிசையில் சீனியம்மாள். அவன்தான் காரில் அழைத்து வந்திருந்தான். அவள் கைதட்டவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, நான் உட்காரும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.