சன்னாசியின் கடைசி வானிலை

11 அக்டோபர், சனி

எனக்கு எழுத்து வராது. நான் பேசுறேன், போன் எழுதிக்குது.

காலையில மறுபடியும் சன்னாசி குரல். "பத்து மணிக்கு ஒரு தூறல் விழும், பயமில்ல, போலாம் லா." எங்க ஹுத்தான் மெலிந்தாங் ஊரு படகுக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல தினம் விடியக்காலை ஆத்து முகத்துலருந்து கடல் நிலவரம் சொன்னவன். ஆடி மாசம் கடல் கொண்டுபோயிருச்சு. உடம்புகூட கெடைக்கல. அவன் பொண்டாட்டி தினேஸ்வரி, அவன் பேசி அனுப்பின பழைய குரல் பதிவை தினம் ஒன்னா குரூப்புல அனுப்புறா. "பாவம் லா, விடுங்கப்பா"ங்கிறான் என் மகன் பத்துமலை.

பத்து மணிக்குத் தூறல் விழுந்துச்சு.

13 அக்டோபர், திங்கள்

"அலை முழங்கால் அளவு. சொறிமீன் நெறைய, வலை ஜாக்கிரதை." பத்துமலை வலை முழுக்கச் சொறிமீனோட வந்தான், கையெல்லாம் தடிப்பு.

கேட்ட பேச்சை நான் மறக்கிறவன் இல்ல. இது சன்னாசியோட கடைசி வாரத்துப் பேச்சு. அதே வரிசை. கடலும் அதே வரிசையில வருது.

15 அக்டோபர், புதன்

தினேஸ்வரி வீட்டுக்குப் போனேன். "இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"ஒன்னுதான் மாமா."

அது எனக்குத் தெரியும். "கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு, எல்லாரும் வாங்க லா." சொல்லிட்டுப் போனவன்தான். மத்தியானம் மேக்கால இருந்து சுமத்ரா காத்து, புயல் மாதிரி, கருகருன்னு வந்துச்சு. பத்துமலை அன்னிக்குத் தப்பிச்சதே பெரிசு.

அனுப்பாதேன்னேன். அவளும் கவனிச்சிருக்கா. போனைக் கவுத்து வச்சா. "அனுப்பலேன்னா அவரு வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கு மாமா. எத்தனை நாளு என் வெரலைப் புடிச்சு வைப்பேன்?"

16 அக்டோபர்

அனுப்பல. கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு.

17 அக்டோபர், வெள்ளி

இன்னிக்கும். மேல்காத்து வீசும்னு வானிலை அறிக்கையில போட்டிருக்காம். இங்க ஒரு எலை ஆடல. சீனப் படகுக்காரன் ஆ ஹெங் வெறும் மீன் பெட்டியோட திரும்பினான். "அங்கிள், கடல் மூச்சு விடல லா"ன்னு சிரிச்சான்.

எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கு? என் புள்ளை கடல்ல இருக்கும்போது அவ வெரலு தவறிட்டா?

18 அக்டோபர், சனி

ஒரு வழி தோணுச்சு. தீபாவளிக்கு நம்ம ஆளுங்க கடலுக்குப் போறதில்ல. மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரையும் நம்ம வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்குக் கூப்பிடு, ஒரு படகுகூட வெளிய இருக்கக் கூடாதுன்னு பத்துமலைகிட்ட சொன்னேன். "யாருக்குப்பா கல்யாணம்? உங்களுக்கா?"ன்னான் மகன்.

தினேஸ்வரிகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன்.

20 அக்டோபர், தீபாவளி

எல்லாரும் வந்துட்டாங்க. மலாய்க்காரரு பாக் டினுக்காக ஹலால் ஆடு. நானே படகுத்துறைக்குப் போயி பாத்தேன் — படகெல்லாம் கயித்துல. திரும்பி வந்து தினேஸ்வரியைப் பாத்துத் தலையாட்டினேன்.

எல்லார் சட்டைப் பையிலயும் ஒரே சமயம் சத்தம். ஆ ஹெங் போனை அமுக்கினான். "...எல்லாரும் வாங்க லா." யாரு வாயும் மெல்லல.

அப்புறம் மேக்கால கருத்துச்சு. தகரக் கூரை தடதடன்னு ஆடுது. காத்து ஆத்து முகத்துல அங்கயும் இங்கயும் அலைஞ்சுது — எதையோ தேடுற மாதிரி. ரொம்ப நேரம். தினேஸ்வரி சன்னலை விட்டு நகரல. அப்புறம் போயிருச்சு.

22 அக்டோபர், புதன்

விடியக்காலை குரூப்புல புதுக் குரல். "தினேஸ்வரி பேசுறேன். ஆத்து முகத்துலதான் நிக்கிறேன். அலை கொஞ்சம்தான். மழை இல்ல. போலாம் லா." பத்துமலை போனான்.

மத்தியானம் சோன்னு மழை. அவ சொன்னது சுத்தத் தப்பு. மகன் நனைஞ்சு வந்து, "நல்லா சொன்னாங்க அக்கா வானிலை!"ன்னு திட்டிக்கிட்டே தலை துவட்டுறான்.

திட்டட்டும். நான் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன்.