தெரியுதுங்க

போத்தனூர்

அன்புள்ள எழிலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் மாசாணியம்மன் துணையிருக்கட்டும்.

நேற்று அப்பாவை ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பட்டறையில் ஆள்காட்டி விரல் அறுபட்டு நரம்பைத் தைத்ததிலிருந்து, ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடச் சொல்லி விரலைத் தொட்டுத் தெரியுதுங்களா என்று டாக்டரம்மா கேட்பார், அப்பாவும் தெரியுதுங்க என்பார், அதை நம்பித்தான் அடுத்த மாதம் லேத் வேலைக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். நேற்றும் கண்ணை மூடியதுமே அப்பா நல்லாத் தெரியுதுங்க என்றார். நான் இன்னும் தொடவே இல்லைங்களே என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஏனுங்க இப்படி என்று நான் கேட்டால், அவங்க அத்தனை பாடுபட்டுத் தெச்சிருக்கறாங்க, மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிச் சொல்றது என்கிறார். திரும்பச் சோதித்ததில் நடுக்கணு வரைதான் உணர்ச்சி வந்திருக்கிறது, நுனியில் ஒன்றுமில்லை. போன வாரம் தோசைக்கல்லில் விரல் பட்டுக் கொப்புளித்தும் அவர் கையை எடுக்காதது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. இந்த விரலோடு ஓடுகிற லேத்தில் நின்றால் மிச்ச விரலும் போய்விடும், இப்போதைக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், நீ அங்கே படிக்கிற நரம்புப் பாடத்திலிருந்து போனில் சொன்னதை அவருக்குச் சொன்னேன். விரல் நுனியில் உள்ள செல்கள் வளரச் சொல்லிச் சமிக்ஞை அனுப்புகின்றன, நரம்பு முனையில் அதற்கென்றே இருக்கிற ஏற்பியில் அது போய்ப் பொருந்தினால்தான் நரம்பு அந்தப் பக்கம் வளரும், கூப்பிட்டால் மட்டும் போதாது, கேட்கக் காதும் வேண்டும் என்று. அப்ப எம்பட நரம்புக்குக் காது மந்தம்ங்கறா உம்பட புள்ள என்றார். பிறகு, அந்தச் சமிக்ஞையையே ஊசியில் ஏற்றினால் சீக்கிரம் வளருமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். அதே ஏற்பி வழியாக அது வலியையும் கிளப்பும் என்று நீ சொன்ன ஞாபகம். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, பூசி மெழுகாதே.

இன்று காலையில் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியிலிருந்து நானே பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தவர், நடுக்கணுவுக்குச் சற்று மேலே தொட்டதும், இரு அம்மணி, எறும்பு ஊர்றாப்பல இருக்குது என்றார். அத்தனை இல்லைக்குப் பிறகு வந்ததால் நம்பினேன்.

நீயும் எப்போது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கறனுங்கம்மா என்கிறாய். அவர் பெண்தானே நீ. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீண்ட ஆயுளோடு நன்றாயிரு கண்ணு. அடுத்த முறை நான் கேட்கும்போது, இல்லை என்றால் இல்லை என்று சொல்.

உன் அம்மா,
கயல்விழி