கார்டு விலை குறையட்டும் என்கிறார்

ஜனவரி 10, வெள்ளி

அப்டேட் இறங்கியது. விளையாட்டு திறக்கவில்லை. என் கிராபிக்ஸ் கார்டில் மெமரி நாலு ஜிபி. இனி குறைந்தது ஆறு வேண்டுமாம்.

என் புருசன் நளீம் வேலைக்குக் கட்டாரில், தோஹாவில்; நான் இங்கே புத்தளத்துக்குப் பக்கத்தில், முந்தலில். கல்யாணம் முடித்த இந்த மூன்று வருசத்தில் வெள்ளிப் பின்னேரம் ஒன்லைனில் சேர்ந்து விளையாடும் இரண்டு மணித்தியாலம்தான் எங்களுக்கென்று இருந்தது. போனில் அவர் வெறும் சுகம் விசாரிப்பார். விளையாடும்போதுதான் சிரிப்பார், என்னைத் திட்டுவார், புருசன் மாதிரிக் கதைப்பார்.

ஜனவரி 13

புத்தளத்தில் முபாரிஸின் கம்பியூட்டர் கடை. எட்டு ஜிபி கார்டு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். நளீமிடம் சொன்னேன். "புது மொடல் வருது. பழசு வெல எறங்கும். பொறுங்க."

ஜனவரி 24

இறங்கவில்லை. ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். "புதுசு கெடைக்குதில்ல ராத்தா. எல்லாரும் பழசத்தான் கேக்குறாங்க" என்கிறான் முபாரிஸ்.

நளீம் விலை வரைபடம் அனுப்பியிருக்கிறார். இதோடு ஆறு. நான் கேட்டது வரைபடமா?

ஜனவரி 30

அதுவரைக்கும் லேசான விளையாட்டு ஏதாவது போடுவோமே என்றேன். "இப்ப வேல கூட" என்றார்.

நான் வேலை செய்யும் இறால் பண்ணை ஒபிஸில் மேசையில் இருந்தபடியே அழுதுவிட்டேன். ஒரு கார்டுக்கா அழுற பஸீனா என்று என்னையே கேட்டேன். ஓம், கார்டுக்குத்தான். வேற எதுக்கெண்டு எனக்கும் தெரியல்ல.

பெப்ரவரி 5

ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். என் சீட்டுக் காசு. வாங்கிவிட்டேன். நானே மாட்டினேன்; உப்புக் காற்றில் துருப்பிடித்த பழைய திருகு விரலைக் கிழித்தது. விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

அவரிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பார்க்கட்டும்.

பெப்ரவரி 7, வெள்ளி

விளையாட்டுக்குள் வரச்சொல்லி அழைப்பு அனுப்பினேன். வரவில்லை. போன் எடுத்து, "கார்டு வாங்கிட்டன், வாங்க" என்றேன். அவர், "ஏன் அவசரப்பட்டீங்க?"

அவசரமாம். ஊருக்கு வாறதுக்கும் பொறு, வீடு கட்டுறதுக்கும் பொறு, இதுக்கும் பொறு. நான் என்ன கல்லா? போனை வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 8

காலையில் அவரே போன் எடுத்தார். கம்பனி மூன்று மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. என் கார்டு போதாமல் போன அடுத்த கிழமையே, விளையாடுகிற லெப்டொப்பை விற்று அறை வாடகை கட்டினாராம்.

"எப்பிடிச் சொல்ற எண்டு தெரியல்ல. கார்டு வெல கூடக் கூட எனக்கு ஆறுதலா இருந்திச்சு."

ஊருக்கு வாங்க என்றேன். "டிக்கெட்டுக்கு?" என்றார்.

பெப்ரவரி 10

மனமில்லாமல்தான் கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். முபாரிஸ் நான் வாங்கிய விலைக்கே திருப்பி எடுத்தான். இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் போகுமாம். விலை கூடியதற்கு வாழ்நாளில் முதல்முறையாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அப்படியே போய் அவருக்கு டிக்கெட் போட்டேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

பழைய கார்டுக்கு ஏற்ற பழைய விளையாட்டு. இரண்டு பேருக்கும் ஒரே கீபோர்ட்: அவருக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். கதிரையும் ஒன்றுதான், அவருடைய முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. முதல் ஆட்டம் தோற்றோம். பிழை அவருடையது.