கோழி ஷெட்டில் ஜப்பான் பாட்டு

நாகனோ, ஜப்பான்
5-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனை எடுத்தாலே நமக்குள் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் கடிதம்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சனிக்கிழமை தோறும் பழைய காதல் பாட்டுகள் போடுவார்கள். பேச்சே மறந்துபோன பெரியவர்கள்கூட வரி தப்பாமல் பாடுகிறார்கள், பாடிக்கொண்டே அழுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். போன வாரம் நானும் அழுதேன். நம் குழந்தை போனபின் நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். அந்தப் பாட்டை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். தனியாகக் கேளுங்கள்.

மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று கேட்கிறார்கள். வரட்டுமா?

உங்கள் பிரவீனா


புதுச்சத்திரம்
24-1-2025

அன்புள்ள பிரவீனா,

அம்மாவுக்கு முட்டி வலிதான். மற்றபடி என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள்.

தனியாகக் கேட்கச் சொன்னாய். பண்ணைக்காரனுக்கு ஏது தனிமை? கோழி மிரளாமல் இருக்க ஷெட்டில் ரேடியோ பாடுமே, அது பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாக உன் பாட்டைப் போட்டுவிட்டேன். கோழிக்கும் பாஷை தெரியாது, எனக்கும் தெரியாது, சரியாகப் போயிற்று. தீவனம் போட்டுக்கொண்டிருந்த நம் சென்றாயன் கூடையை வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தான். "ஏனுங்க, ஒரு எழுத்தும் புரியலீங்க. ஆனா யாரையோ தொலைச்சுட்டுத் தேடறாப்பல இருக்குதுங்க" என்றான். எனக்கும் கண் கலங்கியது. எருவின் நெடியாக இருக்கும்.

வருவதும் இருப்பதும் உன் விருப்பம். நான் என்ன சொல்ல?

குணசீலன்


நாகனோ
8-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோழி சங்கதியைப் படித்துச் சிரித்தேன். கடைசி வரியில் கோபம் வந்துவிட்டது. வரட்டுமா என்று கேட்டவளுக்கு, உன் விருப்பம் என்றா எழுதுவது?

அந்தப் பாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருத்தி மாலையானால் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றுகிறாள். அவன் வரமாட்டான் என்று தெரியும். ஆறியபின் அவன் பங்கையும் அவளே குடித்துவிடுகிறாள். இதற்குத்தான் இத்தனை அழுகை.

சேலம் ஆஸ்பத்திரியில் நம் மகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்த கையோடு, முட்டை லோடு ஏற்ற வேண்டும் என்று ஷெட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அதற்குப் பிறகும் உங்கள் கண்ணில் ஒரு சொட்டு நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் மூச்சு முட்டித்தான் இந்த மொழியைப் படித்து இங்கே வந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்காக நீங்கள் அழுதீர்களா? மார்ச் பாதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

பிரவீனா


புதுச்சத்திரம்
23-2-2025

அன்புள்ள பிரவீனா,

எருவின் நெடி இல்லை. பொய் சொன்னேன்.

அன்றைக்கு நான் லோடு ஏற்றவில்லை. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஷெட்டுக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். தீவன மூட்டைமேல் விழுந்து, "சாமி, எஞ்சாமி, அப்பன உட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறினேன். கோழிகள் மிரண்டு கத்தின. சென்றாயன்தான் தண்ணீர் கொடுத்தான். அதன்பிறகு பல நாள் அங்கே அழுது, முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நீ உடைந்து கிடந்தாய். நானும் உடைந்தால் உன்னை யார் தூக்குவது என்று நினைத்தேன்.

வந்துவிடு. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

உன் குணசீலன்


நாகனோ
16-3-2025

மாமாவுக்கு,

நேற்றுப் பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு அழுகை வராது, கல் நெஞ்சு, அதற்கு அவர் என்ன செய்வார் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் உங்களை மன்னித்துவந்தேன். நீங்களோ பல நாள் அழுதிருக்கிறீர்கள். சென்றாயனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே அறையில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. என்னைத் தூக்கியிருக்க வேண்டாம் மாமா. என்னோடு கிடந்து அழுதிருந்தால் போதும், நான் எங்கும் போயிருக்க மாட்டேன்.

கோபம் இல்லை. ஆனால் அந்த வீட்டை நினைத்தால் கால் வரவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்காகக் காத்திருக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அத்தையை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். இனிமேல் அழுகை வந்தால் ஷெட்டுக்குப் போகாதீர்கள். அப்போது உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் முன்னாலேயே அழுதுவிடுங்கள்.

பிரவீனா